செய்முறை மேசையில் ஓர் அறவினா: பள்ளிகளில் உயிரித் தொழில்நுட்பமும் உயிரியல் அறமும்

முன்னுரை

திருவனந்தபுரத்தின் தம்பானூர், தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்த இடம். நாகர்கோவில் வழியே வரும் தமிழரும் கிழக்கு மலைப்பகுதியிலிருந்து வரும் மக்களும் நகருக்குள் நுழையும் வாயிலாக அது விளங்குகிறது. அங்கிருந்து சிறிது தொலைவில், தைக்காடு பூஜப்புரைப் பகுதியில், இராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் அமைந்துள்ளது. 2007 முதல் அது நடுவணரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின்கீழ் இயங்கிவருகிறது. ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பாலோட்டில், 1979இல் நிறுவப்பெற்று இன்று ஜவகர்லால் நேரு பெயரைத் தாங்கி நிற்கும் வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் உள்ளது. அப்பகுதிக்குக் கிழக்கே அகத்தியமலைத் தொடரும் அதில் வாழும் காணி மக்களின் குடியிருப்புகளும் உள்ளன. மரபணுவை ஆராயும் கூடம், தாவரத்தைப் பேணும் தோட்டம், தாவரத்தைத் தலைமுறைகளாக அறிந்த மக்கள் ஆகிய மூன்றும் ஒரு நாட்பயணத்திற்குள் அடங்கும் நகரம் இது.

இத்தகைய நகரில் பயிலும் மாணவர்க்கு உயிரித் தொழில்நுட்பத்தைக் கைப்படச் செய்து கற்கும் வாய்ப்பு மிகுதி. ஆயின் கையால் செய்து கற்பது தானாகவே அறத்தையும் கற்பித்துவிடுமா? அன்றி, அறம் தனியே கற்பிக்கப்பட வேண்டிய பிறிதொரு பாடமா? இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்முறைப் பதிவேட்டின் மொழி

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகத்தின் பாடத்திட்டம் பசலைக்கீரை, பச்சைப் பட்டாணி, பப்பாளி போன்ற எளிதில் கிடைக்கும் தாவரப் பொருளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் செய்முறையைச் சேர்த்துள்ளது. இதனைச் சமையலறைப் பொருள்களைக் கொண்டும் செய்துகாட்டலாம். பழக்கூழில் உப்பும் பாத்திரம் துலக்கும் நீர்மமும் சேர்க்கப்படும். நீர்மம் செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கிறது. உப்பு டி.என்.ஏ.யின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்து இழைகள் ஒன்றுசேர உதவுகிறது. வடிகட்டிய சாற்றின்மேல் குளிர்ந்த எரிசாராயத்தை மெல்ல ஊற்றினால், அதில் கரையாத டி.என்.ஏ. வெண்ணிற நூலாய்த் திரண்டு மேலெழும். ஏட்டில் படமாக மட்டுமே கண்டதைக் கண்ணாடிக் குச்சியில் சுற்றியெடுக்கும்போது மாணவர் அடையும் வியப்பு கல்வியின் பெரும்பேறு எனலாம்.

அதே வகுப்பின் பாடநூலில் உயிரித் தொழில்நுட்பப் பயன்பாடுகள் பற்றிய இயலின் இறுதியில் அறச்சிக்கல்கள் பேசப்படுகின்றன. பாசுமதி, மஞ்சள், வேம்பு ஆகியவற்றின்மீது அயலார் உரிமை கோரிய வரலாறு அங்கே சுட்டப்படுகிறது. ஆக, கைக்கு ஒரு பாடமும் அறத்திற்கு மற்றொரு பாடமும் என இரண்டும் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு அறைகளில் நிகழ்கின்றன.

இப்பிளவு செய்முறைப் பதிவேட்டின் மொழியிலேயே காணப்படுகிறது. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, முடிவு என்பது அதன் மரபான அமைப்பு. இவற்றுள் ‘தேவையான பொருள்கள்’ என்னும் தலைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. தேவை என்பது செய்பவரைச் சார்ந்த சொல். பொருள் எவ்விடத்தது, எவருடையது, எவர் இசைவால் வந்தது என்பவற்றுள் ஒன்றையும் அச்சொல் கூறாது. தேவைப்பட்டது, ஆகவே மேசைக்கு வந்தது என்னும் எண்ணத்தை அத்தலைப்பு ஓசையின்றிக் கற்பிக்கிறது.

முன்னைய தலைமுறை மாணவர்க்கு அறவினா தவளையின் உருவில் வந்தது. உயிரை அறுத்துக் கற்கலாமா என்பதே அவர்தம் கலக்கம். கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் உயிரினங்களை அறுப்பதற்கு எதிரான பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிப்பு 2014இல் வந்தது. பள்ளிகளிலிருந்தும் அவ்வழக்கம் பெரும்பாலும் நீங்கியது. தவளை இருந்த இடத்திற்குப் பப்பாளி வந்தபின், அறவினாவும் நீங்கிவிட்டதாக ஒரு தோற்றம் உண்டு. உண்மையில் வினா நீங்கவில்லை, உருவம் மாறியுள்ளது.

ஆரோக்கியப்பச்சை

அம்மாற்றத்தை விளக்க, தம்பானூர் மாணவர்க்கு மிக அண்மையிலேயே ஒரு சான்று உள்ளது. 1987இல் இனத்தாவரவியல் ஆய்வுக்காக ப. புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலறிஞர் குழு அகத்தியமலைக் காட்டில் நடந்தது. வழிகாட்டிகளாக உடன்வந்த காணி இளைஞர், களைப்புறாமல் நடந்ததோடு இடையிடையே ஒரு செடியின் சிறு காயை உண்டனர். கேட்டபோது, அது வெளியார்க்குக் கூறலாகாத மறைபொருள் எனத் தயங்கினர். பின்னர்ச் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. திரைக்கோப்பஸ் ஜெய்லானிக்கஸ் என்பது அதன் தாவரவியற் பெயர்.

பாலோட்டு நிறுவனம் அச்செடியின் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய்; விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவ்விரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என நிறுவனம் முடிவு செய்தது. அதனைப் பெறுவதற்கென 1997இல் காணி மக்களின் அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. 1999இல் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது. 1992ஆம் ஆண்டின் உயிரினப் பன்மய உடன்படிக்கை கூறிய பயன்பகிர்வுக் கொள்கைக்கு உலகம் காட்டிய தொடக்கச் சான்றுகளுள் இது ஒன்று. இந்தியாவின் உயிரினப் பன்மயச் சட்டம் 2002இலும், நகோயா நெறிமுறை 2010இலும் தோன்றின என்பதை நோக்க, இம்முயற்சியின் முன்மை புலப்படும்.

ஆயினும் இவ்வரலாறு நிறைவான நல்லறக் கதையன்று. காணிகளின் மருத்துவராகிய பிலாத்திகளுள் சிலர், தம் அறிவு தனியார் நிறுவனத்திற்கு விற்கப்படுவதை எதிர்த்து 1995இலேயே அரசுக்கு எழுதினர். செடியைக் காட்டில் சேகரிப்பதும் பயிரிடுவதும் வனத்துறையின் கட்டுப்பாட்டால் தடைப்பட்டன. அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கு உரியது. அதே குடியினர் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்ட மலைகளிலும் வாழ்கின்றனர். சிலர் சொன்னதைக் குடி முழுவதன் இசைவாகக் கொள்ளலாமா? மாநில எல்லை மரபறிவுக்கும் எல்லையாகுமா?

உடைமையும் கடனும்

தமிழில் ‘காணி’ என்னும் சொல் வழிவழி உரிமையுடைய நிலத்தையும் குறிக்கும். காணியாட்சி என்பது அவ்வுரிமையின் பெயர். உரிமையைக் குறிக்கும் சொல்லோடு ஒத்த பெயருடைய மக்கள், தாம் அறிந்த இலையின்மீது சட்டம் ஏற்கும் உரிமையின்றி இருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

திருக்குறள் பிறர்பொருளை விரும்பாமையை வெஃகாமை என இல்லறவியலிலும், கவர எண்ணாமையைக் கள்ளாமை எனத் துறவறவியலிலும் வைத்துள்ளது. பெற்ற உதவியை நினைத்தலைச் செய்ந்நன்றியறிதல் எனவும், பெற்றதைப் பொதுநலத்திற்கு ஆக்குதலை ஒப்புரவறிதல் எனவும் தனித்தனி அதிகாரங்களில் பேசுகிறது. களவு நிகழவில்லை என்பதாலேயே நன்றி நிறைவேறிவிட்டதாகாது. நன்றி கூறியதாலேயே ஒப்புரவு கைகூடிவிட்டதாகாது. இவ்வதிகாரப் பகுப்பை ஆரோக்கியப்பச்சைக்குப் பொருத்தினால் ஒரு தெளிவு பிறக்கும். பாதித் தொகை வழங்கியமை ‘இது யாருடையது’ என்னும் உடைமை வினாவுக்கு விடை. பிலாத்திகளின் எதிர்ப்போ ‘யாருக்குக் கடன்பட்டுள்ளோம், அக்கடனைப் பணத்தால் தீர்க்கவியலுமா’ என்னும் வேறொரு வினா. முதல் வினாவுக்கு ஒப்பந்தம் போதும். இரண்டாவதற்கு உரையாடலே வழி. மாணவர்க்குக் கற்பிக்க வேண்டியது இவ்விரண்டின் வேறுபாடு.

தன்னுடலே பொருளாகும்போது

இலைக்குப் பொருந்தும் வினா மாணவரின் உடலுக்கும் பொருந்தும். நாக்கைச் சுருட்டுதல், குருதி வகை, செவிமடல், நிறக்குருடு போன்றவற்றுள் ஒன்றுக்குக் குடிவழி வரைபடம் அமைப்பது மேல்நிலை வகுப்புச் செய்முறைகளுள் ஒன்று. தீங்கற்றதாகத் தோன்றும் இப்பயிற்சி ஒரு குடும்பத்தின் மறைவான செய்தியை வகுப்பறையில் வெளிப்படுத்தக் கூடும். பெற்றோர் இருவரும் ‘ஓ’ வகையினர், மகளோ ‘ஏ’ வகையினள் என வரைபடம் காட்டினால், அவள் தத்தெடுக்கப்பட்டவள் என்றோ வேறாகவோ அருகிலிருப்போர் ஊகிப்பர். அவ்வூகம் பிழையாகவும் இருக்கலாம். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட அரிய குருதி வகையினர் வழக்கமான சோதனையில் ‘ஓ’ எனவே தோன்றுவர். அவர்தம் மக்கள் ‘ஏ’ அல்லது ‘பி’ ஆகலாம். நாக்கைச் சுருட்டும் இயல்பும் ஒரே மரபணுவால் அமைவதன்று. ஒருகருவில் பிறந்த இரட்டையரிடையேகூட அது வேறுபடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குறையறிவு இங்கே அறிவியற் பிழையோடு நில்லாது அறப்பிழையாகவும் மாறுகிறது.

மரபணு ஒருவருக்கே உரிய தனியுடைமையன்று. மாணவர் தம் குருதியைப் பற்றிக் கூறும்போது, இசைவு கேட்கப்படாத தாய் தந்தையரைப் பற்றியும் கூறிவிடுகிறார். இசைவு என்னும் சொல்லின் எடையை இவ்வகவையினர் உணரவேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2009இல் அன்றைய ஆந்திரப்பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 அகவை வரையுள்ள சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஓர் ஆய்வுத்திட்டமாகச் செலுத்தப்பட்டது. விடுதியில் தங்கிய பலருக்குப் பெற்றோர்க்கு மாறாக விடுதிக் காப்பாளரே இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டிருந்தனர். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியின் பயன் வேறு, இசைவு பெற்ற முறை வேறு. இவ்வேறுபாட்டை அறியாத மாணவர், ஆய்வு செய்பவராயினும் ஆய்வுக்கு உள்ளாபவராயினும் தம் நிலையை உணரார்.

எஞ்சியதன் பொறுப்பு

மூன்றாவது பொருள் நுண்ணுயிர். கைவிரலைத் தொட்டு வளர்தட்டில் பாக்டீரியாவை வளர்ப்பது பள்ளிகளில் விரும்பிச் செய்யப்படும் பயிற்சி. தட்டில் வளர்ந்தவை எவை என மாணவர் அறியார். அவற்றை அழுத்தக் கொதிகலனில் அழிக்காமல் குப்பையில் எறிந்தால், அதனைக் கையால் தொடுபவர் துப்புரவுப் பணியாளர். மரபணுவை மாற்றி ஒளிரும் பாக்டீரியாவை உருவாக்கும் செய்முறைத் தொகுப்புகள் அயல்நாட்டுப் பள்ளிகளில் வழக்கிலுள்ளன. அவற்றில் நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கும் மரபணு அடையாளமாகப் பயன்படுத்தப்படுவதுண்டு. இந்தியாவில் மரபணு மாற்றப் பணிகள் 1989ஆம் ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டவை. நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் மேற்பார்வையை அவை வேண்டுகின்றன. இவ்விதி கல்விக்குத் தடையாகத் தோன்றலாம். ஆயின், மேசையில் இல்லாத ஒருவரும் செய்முறையில் பங்குடையவர் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழலாம். பாடவேளை குறைவு, தேர்வு நெருக்கும் நிலையில் அறம் கூடுதற் சுமை என்பது முதல் மறுப்பு. அறத்தைத் தனிப்பாடமாகக் கொண்டால் இம்மறுப்பு வலியது. இங்கு வேண்டப்படுவதோ பதிவேட்டில் நான்கு வரிகளே. ‘தேவையான பொருள்கள்’ என்பதன்கீழ், பொருள் எங்கிருந்து வந்தது, எவருடைய உழைப்பாலோ அறிவாலோ வந்தது, எவருடைய இசைவு வேண்டும், எஞ்சியது எங்கே செல்லும் என எழுதுவது போதும். பப்பாளிக்கு விடை எளிது. குருதிக்கு அரிது. எளிதிற் பழகிய கை அரியதன்முன் தயங்கக் கற்கும்.

அகவை 15 அல்லது 16 உடையவர் இத்தகைய சிக்கல்களில் முடிவு காணவியலாது. அறமுரைத்தல் அறிவுரையாகச் சுருங்கும் என்பது இரண்டாம் மறுப்பு. இது பாதியளவே உண்மை. ஆசிரியர் முடிவைக் கூறினால் அது அறிவுரையே. உரிமம் வழங்கிய நிறுவனத்தின் நியாயத்தையும், எதிர்த்த பிலாத்திகளின் நியாயத்தையும், காட்டைக் காத்த வனத்துறையின் நியாயத்தையும் மூன்று அணியினராய் மாணவரே எடுத்துரைத்தால் அது ஆய்வாகும். உயிரினப் பன்மயச் சட்டத்தின்வழி உள்ளாட்சிகளில் மேலாண்மைக் குழுக்களும் மக்கள் பன்மயப் பதிவேடுகளும் அமைந்துள்ளன. தம் ஊர்ப் பதிவேட்டை மாணவர் படிப்பதும், அதில் எழுதத்தக்கது எது, எழுதாமல் விடத்தக்கது எது என வாதிடுவதும் செய்முறையின் பகுதியே. யுனெஸ்கோவின் 2005ஆம் ஆண்டு உயிரியல் அறப் பேரறிக்கை உயிரியல் அறக்கல்வியை எல்லா நிலைகளிலும் வளர்க்குமாறு நாடுகளை வேண்டுவதும் ஈண்டு நினையத்தக்கது.

முடிவுரை

கையால் செய்து கற்பது தானாக அறத்தைக் கற்பிப்பதில்லை. பொருளின் பிறப்பிடத்தை மறைத்து மேசைமீது வைக்கும் கல்வி, எல்லாம் எடுத்துக்கொள்ளத் தக்கனவே என்னும் பழக்கத்தையே கைக்கு ஊட்டும். அறத்தைத் தனியே கற்பிப்பதும் பயன் தராது. பாசுமதியைப் பற்றித் தேர்வில் எழுதிய கை, மறுநாள் வகுப்புத் தோழியின் குருதி வகையைக் கரும்பலகையில் எழுதத் தயங்காது. பொருளைக் கையில் எடுக்கும் நொடியே வினாவுக்குரிய நொடி.

அகத்தியமலையில் ஒரு காயைக் காட்டும் முன் காணி இளைஞர் தயங்கினர். அத்தயக்கத்தில் தம் முன்னோர்க்குத் தாம் பட்ட கடனைப் பற்றிய அறிவு இருந்தது. அக்காயை வாங்கிய பக்கத்தில் நிற்கப்போகும் மாணவர்க்கும் அதே அளவு தயக்கம் வேண்டும். அதனைச் செய்முறை மேசையிலேயே பழக்குவது உயிரித் தொழில்நுட்பக் கல்வியின் கடமையாகும்.