தாயின் எலும்பும் தந்தையின் கடமையும்

(விளாத்திகுளம் ஜும்ஆ உரையிலிருந்து)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! கருவின் நிலைகளைச் சொல்லும் அல்முஃமினூன் சூராவின் 14ஆவது வசனம் எலும்பைத் தனியாகக் குறிப்பிடுகிறது. அந்த எலும்பு எப்படி வளர்கிறது? பெரும்பாலான எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத்தான் அமைகின்றன. ஏறக்குறைய 8ஆவது வாரத்தில் கால்சியம் படிந்து கெட்டிப்படத் தொடங்குகின்றன. பிறக்கும்போது பிள்ளையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கடைசி 3 மாதங்களில் சேருகிறது. எங்கிருந்து? தாயிடமிருந்து. அவள் சாப்பாட்டில் சத்து போதவில்லை என்றால், அவளுடைய எலும்பே கரைந்து பிள்ளைக்குப் போகிறது.

இப்போது குர்ஆனைப் பாருங்கள். லுக்மான் சூராவின் 14ஆவது வசனத்தில், சுமக்கும் தாயின் பலவீனத்தை அல்லாஹ் 'வஹ்ன்' என்கிறான். மர்யம் சூராவின் 4ஆவது வசனத்தில், முதுமையடைந்த ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் எலும்பு தளர்ந்ததைச் சொல்லி துஆ கேட்கிறார்கள். அங்கும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது. முதியவர் எலும்பில் உணர்ந்த தளர்ச்சியை இளம் தாய் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் சுமக்கிறாள்.

பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவது தந்தையின் பொறுப்பு என்று அல்பகரா 233ஆவது வசனம் சொல்கிறது. இது நாம் செய்யும் உபகாரம் அல்ல, கடமை. ஆனால் எத்தனை வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் மிஞ்சியதை அவள் சாப்பிடுகிறாள்!

பெரிய செலவு வேண்டாம் சகோதரர்களே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வேம்பார் கடற்கரை நமக்குத் தூரமில்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை தருகிறார்கள். அதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாமல், இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

மகள்களையும் மறந்துவிடாதீர்கள். பிறக்கும்போது 300க்கு நெருக்கமாக இருக்கும் எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெரியவர்களிடம் 206 ஆகின்றன. எலும்பின் வலுவில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இன்று மகனுக்கு ஒரு டம்ளர் பால் என்றால், மகளுக்கும் ஒரு டம்ளர். நாளை அவள் ஒரு பிள்ளையைச் சுமக்கப்போவது இந்த எலும்பை வைத்துத்தான்.

யா அல்லாஹ்! எங்கள் தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் மகள்களுக்கும் ஆரோக்கியத்தைத் தருவாயாக! அவர்களின் உரிமையைக் குறைவின்றி நிறைவேற்றும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.