கிணறு இல்லாத வரைபடம்

2024 ஜூன். கடிதம் வந்து இன்றோடு ஐந்து நாள். வியாழன் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாதம் 22,000 ரியால். நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தங்க இடம் தருகிறார்கள், வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்துக்கே டிக்கெட் தருகிறார்கள், வருமான வரி கிடையாது. சென்னையில் பிடித்தமெல்லாம் போக என் கைக்கு வருவது 84,000. வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது. மூத்தவள் அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள்.

வேலை எனக்குத் தெரிந்த வேலைதான், நில அளவை. சவுதியில் செங்கடல் ஓரம், தபூக் மாகாணம், நியோம் திட்டத்தில் ஒரு துணை ஒப்பந்தக் கம்பெனிக்கு சர்வே மேனேஜர்.

*

ஆசை பணத்தின் மேல் மட்டும் இல்லை. அதை மறைத்து எழுதுவது சரியாக இருக்காது.

நியோமுக்குள் 'தி லைன்' என்று ஒரு நகரம். 170 கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 500 மீட்டர் உயரம். 90 லட்சம் பேர் குடியிருக்கலாம் என்கிறார்கள். முதல் நாள் ராத்திரி பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 170 கிலோமீட்டரை உண்மையான நேர்கோடாக இழுத்தால், பூமியின் வளைவால் தரை நடுவில் சுமார் 567 மீட்டர் மேலே புடைத்து நிற்கும். அந்தக் கட்டடத்தின் உயரத்தையே தாண்டிவிடுகிறது. இருபத்து மூன்று வருஷமாகப் பைபாஸ் ரோட்டுக்கும் பாலத்துக்கும் லெவல் எடுத்தவனுக்கு இந்த மாதிரி ஒரு கோடு இன்னொரு முறை வராது. நோட்டை மூடிய பிறகும் மனசு கணக்கிலேயே இருந்தது.

*

மூன்றாம் நாள் விடிகாலை, மொட்டைமாடியில். அந்தக் கோட்டின் மேல் யார் இருந்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் எந்த சர்வேயரும் இடத்தைப் பார்ப்பான். நான் மூன்று நாள் கழித்துத்தான் பார்க்கிறேன்.

சவுதியின் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் 2017 அக்டோபரில் திட்டத்தை அறிவித்தார். 26,500 சதுர கிலோமீட்டர், 50,000 கோடி டாலர். அந்தப் பரப்புக்குள் ஹுவைத்தாத் பழங்குடியினரின் ஊர்கள் இருந்தன. அல்-குரைபா, ஷர்மா, கயால். அல்-குரைபாவைச் சேர்ந்த அப்துல் ரஹீம் அல்-ஹுவைத்தி வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று வீடியோ போட்டார். தன்னைக் குற்றவாளியாகக் காட்ட வீட்டில் ஆயுதம் கொண்டுவந்து வைப்பார்கள் என்றும் அதில் சொன்னார். 2020 ஏப்ரல் 13 அன்று பாதுகாப்புப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்தான் முதலில் சுட்டார் என்றது அரசு. அவரிடம் துப்பாக்கியே இல்லை என்றார்கள் அவருக்காகப் பேசியவர்கள். 2022 அக்டோபரில் அதே இனத்தைச் சேர்ந்த மூன்று பேருக்கு மரண தண்டனை. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது.

போன மாதம் பிபிசியில் ஒரு செய்தி. ராபிஹ் அல்-எனெசி என்ற முன்னாள் உளவுப்பிரிவு கர்னல் பேசியிருக்கிறார். 2020 ஏப்ரலில் அல்-குரைபாவைக் காலி செய்யும் உத்தரவு அவருக்கு வந்ததாம். எதிர்ப்பவர்களைக் கொல்லலாம் என்றும் அதில் இருந்ததாம். உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லி அவர் ஒதுங்கிக்கொண்டார். அவர் இல்லாமலே காரியம் நடந்தது. அவர் சொன்னதைத் தனியாக உறுதிசெய்ய முடியவில்லை என்று பிபிசியே எழுதியிருக்கிறது. ஆனால் செயற்கைக்கோள் படங்களில் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. 6,000 பேருக்கு மேல் இடம் மாற்றியிருப்பதை அரசே ஒப்புக்கொள்கிறது.

எனக்கு வந்த கடிதத்தோடு இணைத்திருந்த திட்டக் குறிப்பில் அந்த நிலத்துக்குப் பெயர் 'தொடப்படாத பாலைவனம்'.

*

இந்த இடத்தில் என் பழைய கணக்கு ஒன்றை எழுதியாக வேண்டும்.

2003. சேலம் பக்கம் ஒரு பைபாஸ் வேலை. எனக்கு 25 வயது. டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியை நட்டுவிட்டு, பையன் ப்ரிஸம் பிடிக்க, முளைக்குச்சி அடித்துக்கொண்டு போனோம். சோளக்காட்டு நடுவே ஒரு கிணறு. கல் கட்டின வட்டக் கிணறு, பக்கத்தில் பம்ப் செட் கொட்டகை, ஒரு புளியமரம். காட்டுக்காரம்மா சொம்பில் மோர் கொண்டுவந்தார். "வெயில்ல நிக்கறயே கண்ணு, இதைக் குடி" என்றார். கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட நீர்மோர். குடித்தேன். குடித்து முடித்துவிட்டு, அவர் கிணற்றிலிருந்து நாலு மீட்டரில் குச்சியை அடித்தேன்.

சாயங்காலம் ஷீட் போடும்போது மேலே இருந்தவர் சொன்னார்: "அந்தப் பக்கமெல்லாம் ஓப்பன் லேண்டுன்னு போட்டுரு, டிஸ்டர்பன்ஸ் வேண்டாம்." போட்டேன். நிலத்துக்கு ஒரு விலை, கிணற்றுக்கும் மரத்துக்கும் தனி மதிப்பு என்பதும், வரைபடத்தில் இல்லாத கிணற்றுக்காக அந்த அம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அரைகுறையாகத் தெரியும். ஒன்றரை வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது ஜல்லி கொட்டி ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு என்ன கிடைத்தது என்று நான் போய்க் கேட்கவில்லை.

அந்த மோரின் புளிப்பு இந்த ஐந்து நாளாக நாக்கில் நிற்கிறது.

*

மச்சினன் சவுதியிலேயே, ஜுபைலில் பதினாலு வருஷமாக இருக்கிறான். போனில் கேட்டேன். "மாமா, இங்க வேலைக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வாயத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னான்.

ஆனால் சர்வே வேலையில் வாய்தான் பாதி. இங்கே கிணறு இருக்கிறது, இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் முதல் ஆளாக நம்மை அனுப்புகிறார்கள்.

நம் ஊரும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. சென்னை - சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018இல் கல் நட்டபோது விவசாயிகள் அழுது புரண்டதை எல்லாரும் பார்த்தோம். போலீஸ் வந்தது, கைதும் நடந்தது. ஆனால் நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள், வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கலாம் என்றது. தோற்றும் ஜெயித்தும் போவதற்கு ஒரு வாசல் இருந்தது. 2003இல் நானும் அந்த வாசலுக்குப் போயிருக்கலாம். போகாதது என் தப்பு. தபூக்கில் அந்த வாசலே இல்லை. காலி செய்ய மாட்டேன் என்று வீடியோ போட்டவரின் கதி மேலே இருக்கிறது.

*

"ஏங்க, நீங்க போகலன்னா அந்த வேலை நின்னுடுமா?" என்றாள் மனைவி.

"நிக்காது."

"அப்ப?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் அதோடு இருந்தேன். சவுதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் சவுதித் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்ட பிறகு, கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் நியோம் ஆலோசனைக் குழுவில் தன் பங்கை நிறுத்தி வைத்தார். திட்டம் நிற்கவில்லை. அந்தக் கர்னல் ஒதுங்கினார், ஊர் தப்பவில்லை. இன்னொருவன் அந்தக் குச்சியை அடிப்பான், என்னைவிட நன்றாகவே அடிப்பான்.

கடன் கழுத்தை நெரிக்க, 1,200 ரியாலுக்குக் கம்பி கட்டப் போகிற ராமநாதபுரத்துப் பையனை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவனுக்கு வேறு வழி கிடையாது. எனக்கு உண்டு. மாதம் 84,000 வருகிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது. அப்படிப்பட்டவன் போவதற்கு நியாயம் தேடினால் அது பேராசை. மனைவியிடம் இதைத்தான் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உடம்பு சரியில்லன்னு எழுதிடுங்க, பின்னால வேற வேலைக்குக் கூப்பிடுவாங்க" என்றாள்.

*

புதன் ராத்திரி பதில் எழுதினேன். முதலில் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தட்டினேன். அழித்தேன். அல்-குரைபாவில் நடந்ததை அறிந்த பிறகு அந்த நிலத்தை அளக்க எனக்கு மனமில்லை என்று எழுதி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வரை பதில் இல்லை. இந்த மாதக் கடன் தவணையை வங்கி வழக்கம்போல ஐந்தாம் தேதி எடுத்துக்கொண்டது.