நாயின் மூளையும் நமது கடனும்

“மனிதனுக்கே மருத்துவம் எட்டாத நாட்டில், நாய்க்கு மூளை அறுவையா?” என்று கேட்கின்றனர். கூரிய கேள்வி, ஏழைக்குப் பரிந்து எழுவதுபோல் ஒலிக்கும் கேள்வி. பகுத்தறிவாளர் இதற்கு நேர்நின்று விடை கூறியாக வேண்டும்.

முதலில் நோயைக் காண்போம். நாயின் மூளையிலும் கட்டி வளரும்; பெரும்பாலும் 5 வயதைக் கடந்த நாய்களுக்கு. பழகிய வீட்டிலேயே அது திசை தடுமாறும். ஒரே பக்கமாக வட்டமிடும். திடீரென வலிப்புக் கண்டு வீழும். எங்கள் வேப்பம்பட்டுத் தெருவில் அப்படி ஒரு நாய் வீழ்ந்தால், ‘பேய் பிடித்தது’ என்பார் ஒருவர். ‘முன்வினை’ என்பார் இன்னொருவர். ‘வெறிநாய்’ என்று கல்லெடுப்பார் மூன்றாமவர். மூன்றாமவர் அச்சத்திலேனும் பொருள் உண்டு. வெறிநோய் கொல்லும் நோய். எனினும் எட்ட நின்று மருத்துவரை அழைப்பதே அறிவு. கல்லெறிவது நோயறியும் முறையன்று!

மருத்துவர் ஸ்கேன் எடுத்துக் காண்பார். மூளையின் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா எனில், மண்டையோட்டைத் திறந்து அகற்ற வழியுண்டு. மூளைக்குள்ளேயே ஊடுருவும் கிளையோமா எனில், கத்திக்கு எட்டுவது அரிது. பாக்ஸர், புல்டாக் போன்ற குறுமூக்கு இனங்களில் இது மிகுதி. கதிர் சிகிச்சையும், வீக்கமும் வலிப்பும் தணிக்கும் மருந்துகளும் உள. முழுக் குணம் அரிது. நல்ல நாட்கள் கூடும்.

இவ்வளவும் நாய்க்கா? வரலாற்றைப் புரட்டுங்கள் தோழர்களே! 1870இல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் எனும் இருவர் உயிருள்ள நாய்களின் மூளையில் மின்சாரம் பாய்ச்சி, எவ்விடம் தொட்டால் எவ்வுறுப்பு அசையும் எனக் கண்டனர். ஃபெரியர் குரங்கு முதலிய விலங்குகளில் அவ்வாய்வை விரித்தார். 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் காட்லி ஒரு மனிதனின் மூளையிலிருந்து கட்டியை எடுத்தார். மண்டையில் எங்கே திறப்பது என்று வழிகாட்டியது அந்த ஆய்வுகள் தந்த அறிவே. நோயாளி ஒரு மாதத்துக்குள் தொற்றால் மாண்டார், பாதையோ திறந்துவிட்டது. 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியபோது, அவர் கற்றிருந்த கலையிலும் அந்நாய்களின் பங்கு இருந்தது.

நாயின் மண்டையைத் திறந்து மனிதன் கற்றான். கற்றதை நாய்க்கும் தா என்றால் ஆடம்பரம் என்கிறான்! நன்றிக்கு நாயை உவமை காட்டும் நாம், நன்றி கொன்றவராகலாமா?

ஆயினும் கடனைத் தீர்ப்பதிலும் அறிவு வேண்டும். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என்று போற்றுகிறோம். முல்லைக்குத் தேவைப்பட்டது ஒரு கொம்பு. தேரோ ஈந்தவன் புகழுக்கு ஆயிற்று! நாய் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லாது. ஆகவே வளர்ப்பவர் தம் பெருமையையும் பிரிவாற்றாமையையும் ஒதுக்கி வைத்து, இந்த அறுவை அதன் துன்பத்தைக் குறைக்குமா, வெறுமனே நீட்டுமா என்று கேட்க வேண்டும். குறைக்கும் எனில் செய்க. நீட்டும் எனில், நோவின்றி உயிரடங்க விடுவதும் மருத்துவமே, அது தோல்வியன்று.

இனி முதற் கேள்விக்கு வருவோம். ஏழையின் மருந்தை நாயா பறித்தது? வாணவேடிக்கையில் கரியும் பணத்துக்குக் கணக்குக் கேளாதவர், நாயின் கட்டிலருகே மட்டும் கணக்கேடு விரிப்பதேன்? ஏழையின் வலியைக் காட்டி நாயின் வலியை மறுப்பவர், நாளை செல்வனின் வலியைக் காட்டி ஏழையின் வலியை மறுப்பார்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேப்பேரியில் 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி பொதுமக்கள் பணத்தில் வளர்ந்தது. அத்தகைய நிலையங்களின் அறிவு, மாளிகையில் வளரும் நாய்க்கு மட்டுமா? கூலித் தொழிலாளி வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடக்கும் நாய்க்கும் உரியதன்றோ? ஏழை கொடுக்கக்கூடிய கட்டணத்தில் ஸ்கேனும் சிகிச்சையும் கேட்போம். வலிக்குக் குலமில்லை, இனமில்லை, விலையுமில்லை!