ஒரே உலையும் ஒரு பாட்டும்

செத்துப்போன ஆசானுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அவர் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் காப்பாற்றுவதா? எதற்காகச் சொல்லிக்கொடுத்தாரோ அதைக் காப்பாற்றுவதா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. 'பரட்டை' என்று உரிமையோடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு அய்யாவை வைத்துத்தான் இதை யோசிக்கிறேன்.

1940-ல் பிறந்து 2005-ல் மறைந்தவர். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். நான் அவரிடம் படித்தவனில்லை. அவரிடம் படித்துவிட்டு எங்கள் சேரன்மகாதேவிப் பக்கம் வந்தவர்கள்தான் அவர் பாட்டை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எனக்கு அவர் ஆசானுக்கு ஆசான்.

கிறிஸ்தவக் கோயில்களில் கர்நாடக ராகக் கீர்த்தனையும் வெள்ளைக்காரன் மெட்டுப் பாமாலையும்தான் பரிசுத்தம். கும்மியும் ஒப்பாரியும் தெம்மாங்கும் செருப்பு மாதிரி வாசலுக்கு வெளியே. வெளியே கிடந்த அந்த மெட்டுகளை எடுத்து அவர் ஒரு முழு வழிபாட்டு முறையையே கட்டினார். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட வைத்தார். அப்பனா அம்மையா என்று பிரிக்காத நம்ம வீட்டுச் சொல் அது. இது வெறும் ரசனை விவகாரமில்லை. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் பெரிய கீர்த்தனைக் கவிஞர். கோயிலுக்குள் சாதி வேற்றுமை வேண்டும் என்று 1820-களில் மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான்.

கிராமத்துப் பாட்டுக்குத் தனிச் சொந்தக்காரன் கிடையாது. பாடுகிறவர்கள் தங்கள் பாட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். இதை அப்பாவு குறையாகப் பார்க்கவில்லை, பலமாகப் பார்த்தார். ஆனால் அவர் போனபின் எங்கள் பாட்டுக் குழுவில் இதுதான் சண்டை. பிள்ளைகள் மெட்டை மாற்றினால் மூத்தவர் ஒருத்தர், "அய்யா போட்டத மாத்தாதீங்கடே" என்பார். பிரியத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பிரியம் ஆசானைக் குருவாக்கி, பாட்டை மந்திரமாக்கிவிடும். மந்திரம் யார் காதில் விழக்கூடாது என்று விதித்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

அப்பாவு விடாமல் சொன்ன இன்னொன்று 'ஒரே உலை'. ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டுவந்து, ஒரே பானையில் பொங்கி, சேர்ந்து தின்பது. திருநெல்வேலிக் கோயில்களில் அசனம் என்று ஒரு விருந்து உண்டு. அரிசியும் காயும் காசும் எல்லோரும் தருவார்கள். ஒரு ஊர் அசனத்தில் எங்கள் தெருவுக்குக் கடைசிப் பந்தி. மீந்த சோறு, அடிச் சாம்பார். அன்றைக்கு மேடையில் பாடியது அப்பாவு பாட்டு. மெட்டு துளியும் பிசகவில்லை.

எங்கள் ஊருக்கு இது புதிதுமில்லை. வ.வே.சு. அய்யர் 1922-ல் தொடங்கிய குருகுலம் இருந்தது இங்கேதான். தேசியக் கல்வி என்றார்கள். பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிச் சாப்பாடு போட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் 1924, 25-ல் அதை எதிர்த்து நின்றது சரிதான். ஆனால் அந்தச் சண்டை பிராமணப் பிள்ளைக்கும் பிராமணரல்லாத பிள்ளைக்கும் நடுவிலான பந்தியைப் பற்றியது. சேரிப் பிள்ளையின் தட்டு எங்கே என்பது முன்னால் வந்த கேள்வியாக இல்லை.

சேர்ந்து தின்றால் சாதி போய்விடுமா என்று தோழர்கள் கேட்கலாம். போகாது. சமபந்தி மட்டும் போதாது என்று 1936-லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். ஆனால் உலை வேறு, சமபந்தி வேறு. சமபந்தியில் நம்மைக் கூப்பிடுகிறவன் ஒருத்தன் இருக்கிறான். உலையில் நம்ம அரிசியும் வேகிறது. அங்கே நாம் விருந்தாளியில்லை, பங்காளி. பங்காளி கடைசிப் பந்தியில் ஏன் உட்கார வேண்டும்?

அப்படியானால் மாற்றலாம் என்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. தாளம் மாறட்டும், சொல் மாறட்டும், எங்கள் பிள்ளைகள் ஆற்றங்கரைப் பேச்சைப் போட்டுப் பாடட்டும். பங்கு கேட்கும் குரல் மட்டும் அதில் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் அய்யாவின் மெட்டே இருந்தாலும் அது அவர் பாட்டில்லை.

எங்கள் குழு இதைப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. பந்தி பிரிக்கிற அசனத்தில் நாங்கள் பாடுவதில்லை. "ஏன்டே, பாட்டுப் படிக்கலியா?" என்று கேட்டால், "மொதப் பந்தியில எங்க தெருவுக்கு எல போடுங்க, படிக்கோம்" என்போம். மூத்தவரும் இதற்கு ஒத்துக்கொண்டார்.