பிள்ளையின் நாவும் பெரியோர் கடமையும்

பிணியுற்ற தாயொருத்தி மருத்துவர்முன் அமர்ந்திருக்கிறாள். அவள் மொழி அவருக்குத் தெரியாது. அவர் பேசும் ஆங்கிலம் அவளுக்கு விளங்காது. இருவர்க்குமிடையே பன்னிரண்டு வயது மகன் நிற்கிறான். நோய் கொடியதென மருத்துவர் கூறுகிறார். உண்மையை உரைத்தால் தாயின் நெஞ்சு உடையும். மறைத்தால் மருந்து தவறும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறியோர் இல்லங்களில் இந்நிலை புதிதன்று. இது முறையாகுமா என நாம் சிந்திப்போம்.

14 வயது நிரம்பியோருள் ஒருவரேனும் ஆங்கிலம் மட்டுமே பேசுபவராகவோ, அதனை மிக நன்றாகப் பேசுபவராகவோ இல்லாத வீட்டை, ஆங்கிலம் குன்றிய இல்லமென அந்நாட்டுக் குடிமதிப்புத் துறை வகுக்கிறது. சிறுவன் எத்துணைச் சரளமாகப் பேசினும் அக்கணக்கில் சேரான். கணக்கில் சேராத பிள்ளையைத் துயர் வந்த வேளையில் மட்டும் குடும்பத்தின் நாவாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

வந்த நாட்டின் மொழியைக் கற்பது வந்தவர் கடன் என்பர் சிலர். கற்றல் நன்றே, அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பகலெல்லாம் உழைத்து ஓய்ந்தவர் ஒரு மொழியைக் கற்றுத் தேறப் பல்லாண்டுகள் ஆகும். நோயும் வழக்கும் அதுவரை காத்திருக்குமோ?

பிறந்த நாடு காரணமாக வேற்றுமை காட்டலாகாதென, அரசின் பொருளுதவி பெறும் நிறுவனங்களை 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரச் சீன மாணவர் வழக்கில், ஆங்கிலம் அறியாப் பிள்ளைகளுக்கும் பிறர்க்கும் ஒரே புத்தகத்தை அளித்துவிடுவதே சமத்துவமாகாதென 1974-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழியுதவி குறித்து 2000-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையோ 2025-இல் நீக்கப்பட்டது. ஆணைகள் வரும், போகும்; அறத்தின் கடன் அவற்றோடு போய்விடுமோ?

தம் மொழிகளை வேத நடையில் அமைக்க இரு பிக்குகள் வேண்டியபோது பகவன் இசையவில்லை என விநயபிடகம் கூறுகிறது. அவரவர் மொழியிலேயே கற்கப் பணித்தார் என்பது அதற்குப் பலரும் கொள்ளும் பொருள். கேட்போர் ஏறி வரட்டுமென்று காத்திராமல், சொல்வோர் இறங்கிச் செல்வதே கருணையின் வழி.

ஆகவே, மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது மருத்துவமனையின் ஈகையன்று, அதன் கடமை. இரு மொழி கற்ற பெரியோர் எளியோர்க்குத் துணைநிற்பதும் நற்செயலே. அச்சிறுவன் தாயின் கையைப் பற்றி, மகனாக மட்டும் அருகில் அமரட்டும்.