பிரசவம் பார்த்தல்

தமிழில் மருத்துவச்சியின் தொழிலைக் குறிக்க மக்கள் வழக்கில் நிலைத்த தொடர் ‘பிரசவம் பார்த்தல்’ என்பதாகும். வைத்தியம் பார்ப்பது, வேலை பார்ப்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று கண்ணின் செயலைக் கையின் உழைப்புக்கும் மனத்தின் பொறுப்புக்கும் ஏற்றிச் சொல்வது இம்மொழியின் இயல்பு. ஆகவே பார்த்தல் என்பது காணுதலும் ஆகும், பொறுப்பேற்றலும் ஆகும். ஆனால் பேறுகால உதவியைத் தொழிலாகக் கற்க வந்த ஒரு மாணவி முதன்முறையாகப் பிரசவ அறைக்குள் நிற்கும் நாளில் இந்த இரு பொருளும் அவருக்குள் பிரிந்துவிடுகின்றன. தம் கையால் ஒரு குழந்தையை ஏந்துவதற்கு முன் தேர்ந்தவர்கள் பார்க்கும் பிரசவங்களை மாணவி உடனிருந்து காணவேண்டும் என்பது பயிற்சியின் ஒழுங்கு. எனவே அன்று அவர் கண்ணால் காண்கிறார், பிரசவம் ‘பார்ப்பவர்’ வேறொருவராக இருக்கிறார். வலியில் துடிக்கும் ஒரு பெண்ணின் அருகே எதுவும் செய்யாமல் நின்ற அந்த நேரம் உண்மையில் கல்விதானா, அல்லது கல்வி தொடங்குவதற்கு முந்திய வெறும் காத்திருப்பா என்ற கேள்வி அங்கே எழுகிறது. பிறர் துன்பத்தின் அருகே கைபிசைந்து நிற்க நேரும் எந்த மனிதருக்கும் உரிய கேள்வி இது என்பதால், செவிலியர் பள்ளிக்கு வெளியேயும் இதை எண்ணிப் பார்ப்பது தகும்.

பாடநூல் பிரசவத்தை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. கருப்பையின் வாய் மெல்ல மெலிந்து 10 சென்டிமீட்டர் அளவுக்கு விரிவது முதல் கட்டம். தாய் முக்கிக் குழந்தையை வெளித்தள்ளுவது இரண்டாம் கட்டம். நஞ்சுக்கொடி, அதாவது கருவில் குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் கொடுத்து வந்த உறுப்பு, பிரிந்து வெளியேறுவது மூன்றாம் கட்டம். இந்த மூன்றையும் படித்துத் தேர்வெழுதிய மாணவி, அறைக்குள் வந்தபின் முதலில் எதிர்கொள்வது நூலில் ஒரே பத்தியில் முடிந்துபோன முதல் கட்டத்தின் நீளத்தைத்தான். தலைப்பிரசவத்தில் அது பல மணி நேரம் நீளும். வலி வரும்போது பெண் கட்டில் கம்பியைப் பற்றுகிறார், வலி விடும்போது கண்மூடுகிறார். அனுபவமிக்க செவிலியர் அவர் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் நிறுத்தி, பத்து நிமிடத்தில் எத்தனை முறை வயிறு இறுகுகிறது, ஒவ்வோர் இறுக்கமும் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுகிறார். அந்தக் கை அழுத்துவதில்லை, எதையும் விரைவுபடுத்துவதில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று மாணவி எண்ணிக்கொண்டிருக்கும் அந்த வேளையில்தான் பேறுகால உதவியின் பெரும்பகுதி நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வாறு காத்திருப்பதை ஒரு முறையான அறிவாக மாற்றிய வரலாறு அதிகப் பழமையுடையதன்று. 1972ஆம் ஆண்டு, இன்று ஜிம்பாப்வே எனப்படும் அன்றைய ரொடீஷியாவில், பில்பாட், காசில் என்னும் மருத்துவர்கள், கருப்பை வாயின் விரிவை நேரத்தோடு பொருத்திக் காட்டும் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். தொலைவிலுள்ள சிறிய பிரசவ நிலையங்களில் பணிபுரியும் மருத்துவச்சிகள், எந்தத் தாயை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்று தாமே முடிவெடுக்க உதவும் வகையில், அதில் ஓர் எச்சரிக்கைக் கோடும், அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி, உடனே ஏதேனும் செய்தாகவேண்டும் என்று உணர்த்தும் மற்றொரு கோடும் இருந்தன. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரியவேண்டும் என்ற பழைய அளவுகோல் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றும், அதை மட்டும் காரணமாகக் கொண்டு தலையிடக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியது. 2020இல் அது புதிய பிரசவப் பராமரிப்புக் குறிப்பேட்டையும் வெளியிட்டது. அக்குறிப்பேட்டில் ஆதரவான பராமரிப்பு என்ற பகுதியின் முதல் வரிசை, தாயின் அருகே துணை ஒருவர் இருக்கிறாரா என்று கேட்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பைப் போலவே துணையிருப்பும் மீண்டும் மீண்டும் கவனித்துக் குறிக்கப்படவேண்டிய ஒன்றாக அங்கே இடம்பெறுகிறது.

துணையிருப்பு வெறும் ஆறுதல் அன்று என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் உடனிருந்து ஆதரவளிப்பதன் விளைவை ஆராய்ந்த 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளோடு, காக்ரேன் என்னும் மருத்துவ மதிப்பாய்வு அமைப்பு 2017இல் தொகுத்து நோக்கியது. அத்தகைய துணை கிடைத்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் நிகழும் வாய்ப்பு கூடுகிறது, அறுவைச் சிகிச்சையின் தேவை குறைகிறது, பிரசவ நேரமும் சற்றுச் சுருங்குகிறது என்பது அதன் முடிவு. ஒருவர் அருகில் இருப்பதே மற்றொருவர் உடலில் மாற்றத்தை உண்டாக்குகிறது என்னும் இந்த உண்மை, ஓரமாக நிற்கும் மாணவியின் நிலையையும் மாற்றிவிடுகிறது. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்ததும், ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததும், பற்றிய கையை விடுவித்துக்கொள்ளாமல் இருந்ததும் பிரசவம் பார்த்தலின் பகுதிகளே ஆகின்றன.

இரண்டாம் கட்டத்தில் காத்திருப்பின் தன்மை மாறுகிறது. அதுவரை 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கப்பட்ட குழந்தையின் இதயத்துடிப்பு, இப்போது ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கப்படுகிறது. நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருக்கவேண்டிய அத்துடிப்பு, டாப்ளர் கருவியின் வழியே ஓடும் குதிரையின் குளம்பொலிபோல அறையை நிரப்புகிறது. கருமையான ஒரு சிறு வட்டம் தெரிகிறது. வலியோடு முன்வந்து, வலி தணிந்ததும் பின்வாங்கி, அடுத்த வலியில் முன்னினும் சற்றுப் பெரிதாகத் தெரிகிறது. தலையெலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இணையாதிருப்பதால், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறித் தம்மைச் சுருக்கிக்கொள்ள, தலை அந்தக் குறுகிய வழியைக் கடக்கிறது; பிறந்தபின் நாம் உச்சிக்குழி என்று தொட்டுப் பார்ப்பது அந்த இணையாத இடங்களுள் ஒன்றையே. இப்போது செவிலியரின் கை தலையின்மேல் இருக்கிறது. இழுப்பதற்காக அன்று, தாயின் தசை கிழிந்துவிடாதபடி வேகத்தைத் தணிப்பதற்காக. பெரும்பாலும் தாயின் முதுகுப்பக்கம் முகம்வைத்து வெளிவரும் தலை, யாரும் திருப்பாமல் தானாகவே பக்கவாட்டில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்திற்காகக் காத்திருந்து, கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே தோள்களுக்கு வழிசெய்யப்படுகிறது. தாம் இதுவரை கருதியதுபோலக் குழந்தையை மருத்துவச்சி எடுப்பதில்லை, அதன் வழியை அறிந்து அதற்கு இடம்கொடுக்கிறார் என்பதை மாணவி அந்தக் கணத்தில் கண்ணாரக் கண்டுகொள்கிறார்.

உடல் முழுதும் வழுக்கிக்கொண்டு வந்த பின்னும் குழந்தை அழுவதற்குச் சில நொடிகள் ஆகலாம். அந்த மௌனத்தில் செவிலியர் குழந்தையைக் கதகதப்பான துணியால் துடைத்துக்கொண்டே அதன் நிறத்தையும் துவளாத தன்மையையும் மூச்சையும் நோக்குகிறார். நிறம், இதயத்துடிப்பு, தூண்டலுக்கு எதிர்வினை, தசையின் உறுதி, மூச்சு என்னும் ஐந்தையும் மதிப்பெண்ணிட்டுக் குழந்தையின் நிலையை அறியும் முறையை வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கார். 1952இல் அவர் முன்வைத்த அம்முறை, புதிதாகப் பிறந்த குழந்தையை எவ்வாறு பார்ப்பது என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. குழந்தை தாயின் வயிற்றின்மேல் கிடக்கும்போதும், முறுக்கிய கயிறுபோலத் தடித்து நீலம் பாய்ந்த தொப்புள்கொடி இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. அதன் வழியே குருதி குழந்தைக்குச் சேர்ந்துகொண்டிருப்பதால், ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் வரை அதை வெட்டாமல் விடுவது நல்லது என்பது இன்றைய வழிகாட்டுதல். அங்கும் அறிவு காத்திருப்பின் வடிவிலேயே செயல்படுகிறது.

கையை நீட்டும் ஆர்வம் எத்தனை கேடு செய்யக்கூடும் என்பதற்கு வியன்னா நகரப் பொது மருத்துவமனையின் வரலாறு சான்று கூறும். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றொன்றில் மருத்துவச்சி மாணவியரும் பயின்றார்கள். 1846ஆம் ஆண்டு முதற்பிரிவில் 100க்கு 11 பேருக்கு மேல் தாய்மார் இறக்க, இரண்டாம் பிரிவில் இறந்தவர்கள் 100க்கு 3 பேருக்கும் குறைவு. பிணக்கூறாய்வு அறையிலிருந்து நேரே வந்த மாணவர்களின் கைகளே நோயைச் சுமந்து வந்தன என்று கண்டறிந்த மருத்துவர் செம்மல்வைஸ், 1847இல் குளோரின் கலந்த நீரில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். அடுத்த ஆண்டே இரு பிரிவுகளின் இறப்பும் 100க்கு 1 என்னும் அளவை ஒட்டிச் சமமாயின. அந்த மாணவர்கள் கற்கும் ஆவலோடுதான் வந்தார்கள்; அந்த ஆவல் மட்டும் தாய்மாரைக் காக்கப் போதவில்லை. மாணவியின் முதல் பிரசவம் தாய்க்கு ஒரு பாடமன்று, அவர் வாழ்வின் ஒரு நாள் என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது. ஆதலால் அங்கே நிற்பதற்குத் தாயிடம் அனுமதி கேட்பது, பெயர் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது, மறைக்கவேண்டியதைத் துணியால் மறைப்பது ஆகியவை மரியாதைச் சடங்குகள் அல்ல, தொழிலின் அடிப்படைகள். பிரசவ அறைகளில் பெண்கள் அதட்டப்படுவதும் ஏசப்படுவதும் இன்றும் நின்றுவிடவில்லை. முதல் நாளில் மாணவி காணும் சொல்வழக்கே நாளை அவர் நாவிலும் ஏறும் என்பதால், எதைக் கற்பது என்பதோடு எதைக் கற்காமல் விடுவது என்பதும் அன்றே தொடங்கிவிடுகிறது.

தமிழ்ச் சமூகம் இத்தொழிலை இரண்டு விதமாக நடத்தியது. ஊரின் பிள்ளைகளையெல்லாம் தம் கையில் ஏந்திய மருத்துவச்சியைத் தீட்டு என்னும் பெயரால் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது. அதே சமூகம் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் இறைவனையே பிரசவம் பார்த்தவராகப் போற்றியது. காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் வந்துசேர இயலாமற்போக, வலியெடுத்த இரத்தினாவதிக்குச் சிவபெருமான் அந்தத் தாயின் உருவிலேயே வந்து துணைநின்றார் என்பது தாயுமானவர் கோயிலின் தலபுராணம். அக்கதையில் இறைவன் வெள்ளத்தை வற்றச்செய்யவில்லை, வலியை நீக்கவுமில்லை. வரவேண்டியவர் வரமுடியாத இடத்தில் வந்து இருந்தார். ஒருவர் வலியை மற்றொருவர் வாங்கிக்கொள்ள இயலாது, ஆனால் அவ்வலியில் அவரைத் தனியே விடாதிருக்க இயலும் என்னும் அறிவை இக்கதை ஆக்கியவர்கள் உணர்ந்திருக்கவேண்டும்.

இதனால் காத்திருப்பதே எப்போதும் நன்று என்றாகிவிடாது. தமிழகச் சாலையோரங்களில் இன்றும் காணக்கிடைக்கும் சுமைதாங்கிக் கற்கள், வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்களின் நினைவாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க நடப்பட்டவை. உரிய நேரத்தில் உரிய கை கிடைக்காமற்போனதன் கணக்கை அவை கல்லில் சொல்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன என்பது அந்தக் கற்களுக்கு இச்சமூகம் தந்த விடை. அதே கணக்கெடுப்பு 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்வதையும் காட்டுகிறது. இது இந்திய சராசரியான 21.5 விழுக்காட்டைப்போல் இருமடங்குக்கும் மேல். தேவையான அறுவை உயிர் காக்கும். தேவையா இல்லையா என்று அறியும் அளவுக்கு அருகிலிருந்து பார்க்க ஆளும் நேரமும் வேண்டும். இந்திய அரசு 2018இல் பேறுகாலச் சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டு, செவிலியர்களுக்கு 18 மாதத் தனிப்பயிற்சியைத் தொடங்கியதன் நோக்கம் இத்தேவையோடு தொடர்புடையது.

முதல் பிரசவத்தின் கடைசிப் பாடம், எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும்போதுதான் கிடைக்கிறது. குழந்தை அழுதவுடன் அறையின் கண்களெல்லாம் குழந்தையிடம் செல்கின்றன. ஆணா பெண்ணா என்ற கேள்வி வருகிறது, நேரம் குறிக்கப்படுகிறது, வெளியே உறவினர் முகம் மலர்கிறது. கண்கலங்கி நிற்கும் மாணவியின் பார்வையும் அங்கேயே இருக்கிறது. அனுபவமிக்க செவிலியர் மட்டும் தாயிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியை இட்டு, வெளிவந்த நஞ்சுக்கொடியில் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று விரித்துப் பார்த்து, அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பை பந்துபோல இறுகியிருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் தொட்டறிகிறார். ஏனெனில் உலகெங்கும் தாய்மாரைக் கொல்லும் காரணங்களுள் முதன்மையான பெருங்குருதிப்போக்கு, மகிழ்ச்சி நிறைந்த இந்த வேளையில்தான் ஓசையின்றித் தொடங்கும். ஊரே குழந்தையைப் பார்க்கும்போது தாயைப் பார்த்துக்கொண்டிருப்பவரையே தமிழ் ‘பிரசவம் பார்ப்பவர்’ என்கிறது. மாணவி தம் பார்வையைக் குழந்தையிடமிருந்து மீட்டு, களைத்துக் கண்மூடியிருக்கும் அந்தப் பெண்ணிடம் திருப்பும் நொடியில், காணுதலும் பொறுப்பேற்றலும் அவருக்குள் மீண்டும் ஒரே சொல்லாகின்றன.