பொறுத்தலும் உணர்தலும்: எடைக் குறைப்பு ஊசிமருந்துகளின் பக்க விளைவுகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நோயைத் தீர்க்கும் ஆற்றல் உடைய பொருள் உடலுக்கு ஊறு விளைக்கும் ஆற்றலையும் உடன்கொண்டே வருகிறது. அவ்வூறு வெளிப்படும்போது அதனை ஊறு என்று இனங்காணும் கடமை யாருடையது என்னும் வினா மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று, அறவியலுக்கும் உரியதாகும். அண்மை ஆண்டுகளில் பெருவழக்காகிவரும் எடைக் குறைப்பு ஊசிமருந்துகள் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றன. அவற்றின் கடும்பக்க விளைவுகளை உணர்வதில் உள்ள இடர்ப்பாட்டையும், அவ்விடர்ப்பாட்டிலிருந்து பிறக்கும் கடமைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் நாற்கூற்றுப் பகுப்பு இவ்வாய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

ஊசிமருந்துகளின் இயல்பு

உணவு உண்டபின் குடலில் ஜி.எல்.பி-1 என்னும் இயக்குநீர் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. உண்டது போதும் என்னும் உணர்வை மூளைக்குத் தருகிறது. இவ்வியக்குநீரைப் போலச் செயற்படும் முதல் மருந்தான எக்சனடைடு, நீரிழிவு நோய்க்கென 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எடைக் குறைப்புக்கென லிராக்ளூடைடு 2014இலும், செமாக்ளூடைடு 2021இலும், இரண்டு இயக்குநீர்களின் வழியில் செயற்படும் டிர்செபடைடு 2023இலும் அங்கு ஒப்புதல் பெற்றன. இந்தியாவில் டிர்செபடைடு ‘மௌன்ஜாரோ’ என்னும் பெயரில் 2025 மார்ச்சிலும், செமாக்ளூடைடு ‘வீகோவி’ என்னும் பெயரில் அதே ஆண்டு சூனிலும் விற்பனைக்கு வந்தன.

இம்மருந்துகளின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. 1961 பேரைக் கொண்டு 68 வாரம் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வில், செமாக்ளூடைடு பெற்றோரின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. போலிமருந்து பெற்றோருக்கு 2.4 விழுக்காடே குறைந்தது. இதயநோய் உடைய 17,604 பேரிடம் நடைபெற்று 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் நேரும் இறப்பு ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கை 20 விழுக்காடு குறைந்தது. எனவே இம்மருந்துகளை வெறும் அழகுப் பொருள்கள் எனத் தள்ளுதல் பொருந்தாது.

ஆயினும் எடைக் குறைப்பு மருந்துகளின் வரலாறு, காலம் கடந்து உணரப்பட்ட கேடுகளின் வரலாறாகவும் உள்ளது. 1930களில் வழங்கப்பட்ட டைநைட்ரோபீனால் கண்புரையையும் இறப்பையும் விளைத்தது. பென்புளூரமின் இதய வால்வுகளைக் கெடுப்பது அறியப்பட்டு 1997இல் விலக்கப்பட்டது. சிபுட்ரமின் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், 2011இல் இந்தியாவிலும் விலக்கப்பட்டது. இம்மூன்றும் தொடக்கத்தில் பயனுடையனவாகவே வரவேற்கப்பட்டன என்பது கருதத்தக்கது.

பயனும் கேடும் ஒரே குறியால் தோன்றல்

பெரும்பாலான மருந்துகளில் பயன் ஒரு வகையாகவும் கேடு வேறொரு வகையாகவும் தோன்றும். காய்ச்சலுக்கு மருந்து உண்டவருக்குத் தோலில் தடிப்பு எழுந்தால், அது காய்ச்சல் தணிவதன் அறிகுறி அன்று என்பதை எவரும் அறிவர். எடைக் குறைப்பு ஊசிகளின் நிலை வேறு. உணவில் நாட்டம் குறைதல் இவற்றின் பயன். குமட்டல் இவற்றின் இயல்பான உடன்விளைவு. மேற்சுட்டிய 2021ஆம் ஆண்டு ஆய்வில் மருந்து பெற்றோருள் 44 விழுக்காட்டினருக்குக் குமட்டலும், ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கு வாந்தியும் ஏற்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை கடுமையற்றவை, நாளடைவில் நீங்குபவை. ஆதலின் “தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்” என்று கூறப்படும் ஆறுதல் பெரும்பாலும் உண்மையே.

அவ்வாறுதல் பெரும்பாலும் உண்மையாக இருப்பதிலேயே இடர் அமைந்துள்ளது. கணைய அழற்சியும் வயிற்றுவலியோடும் வாந்தியோடும்தான் தொடங்குகிறது. அது தணியாத கடுவலியாக நீடிப்பதும், சிலருக்கு முதுகு வரை பரவுவதும் வேறுபடுத்தும் குறிகளாகும். பித்தப்பைக் கோளாறு வலப்புற மேல்வயிற்று வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல், மலம் வெளிறுதல் ஆகியவற்றால் வெளிப்படும். அதே ஆய்வில் மருந்து பெற்றோருள் 2.6 விழுக்காட்டினருக்கும் போலிமருந்து பெற்றோருள் 1.2 விழுக்காட்டினருக்கும் அது நேர்ந்தது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நீடித்து உடல் நீரை இழந்தால் சிறுநீரகம் பழுதுறும்; சிறுநீர் குறைதலும் தலைசுற்றலும் அதன் முன்னறிவிப்புகள். குடல் இயக்கம் நின்றுபோதலும் பதிவாகியுள்ளது. வயிறு உப்பி, மலமும் காற்றும் வெளியேறாமை அதன் அடையாளம். இன்சுலினோ சல்பனைல்யூரியா வகை மாத்திரைகளோ உடன் பெறுவோருக்கு நடுக்கம், வியர்வை, மனக்குழப்பம் ஆகியவற்றோடு சர்க்கரை அளவு தாழலாம். முகமும் தொண்டையும் வீங்கி மூச்சுத் திணறுதல் கடும் ஒவ்வாமையின் அறிகுறி. செமாக்ளூடைடு பார்வை நரம்புக்குக் குருதி குறைந்து திடீரெனப் பார்வை இழக்கச் செய்தலும் உண்டு. 10,000 பேரில் ஒருவர் வரை நேரக்கூடிய மிக அரிய விளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் அதனை ஏற்றது. இவற்றுள் எது தோன்றினும் காத்திராது மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும்.

செமாக்ளூடைடு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மாத்திரையை இன்று நிறுத்தினால் நாளை நீங்கும் என்னும் பழைய பட்டறிவு இங்கு உதவாது. ஊசியை நிறுத்திய பின்னும் மருந்து வாரக்கணக்கில் செயற்பட்டுக்கொண்டிருக்கும். ஆகவே காலத்தே உணர்தல் இங்கு இருமடங்கு இன்றியமையாததாகிறது.

பொறை என்னும் பண்பும் அதன் எல்லையும்

ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் பல ஆண்டுகள் தம் உடலின் பொருட்டுப் பிறர் ஏளனத்தைத் தாங்கியவர். ஊசி தொடங்கிய பின் எடை குறைகிறது, உறவினர் பாராட்டுகின்றனர். ஒருநாள் வயிற்றில் கடுவலி எழுகிறது. அதனை மருத்துவரிடம் கூறினால் ஊசி நிறுத்தப்படலாம். நிறுத்தினால் எடை திரும்பலாம். இவ்வச்சம் பொய்யன்று, ஊசியை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இருபங்கு திரும்பியதை 2022இல் வெளியான தொடராய்வு காட்டியது. எனவே அவர் பொறுத்துக்கொள்கிறார். வலியை விலையாகவும் மெலிவை அவ்விலைக்குப் பெற்ற பொருளாகவும் கருதுகிறார்.

இப்பொறுத்தல் அறமாகுமா என்பது ஆராயத்தக்கது. தமிழ் அறமரபில் பொறை உயர்ந்த பண்பாகப் போற்றப்படுகிறது. ஆயினும் திருக்குறளின் ‘பொறையுடைமை’ அதிகாரம் பேசுவது பிறர் செய்யும் பிழையைப் பொறுத்தலையே. பிறர் பிழையைப் பொறுத்தல் பகையைத் தணிக்கும். உடலின் அறிவிப்பைப் பொறுத்தல் அறிவிப்பையே இழக்கச் செய்யும். முன்னது உறவைக் காப்பது. பின்னது காக்கவேண்டியதைக் கைவிடுவது. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதால் பின்னதற்கும் முன்னதன் பெருமை வந்து சேர்கிறது. பருமனை ஒழுக்கக் குறையாகவும், அதற்கான துன்பத்தைத் தகுந்த தண்டமாகவும் கருதும் சமூகப் பார்வை இம்மயக்கத்தை வலுப்படுத்துகிறது. துன்பப்படுவோர் தம் துன்பத்தைத் தமக்கு உரியதென்று ஏற்கும்போது, அதனைக் கேடு என்று உணரும் வழி அடைபடுகிறது.

நாற்கூற்றும் கடமையும்

‘மருந்து’ அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் அளவையும் செரித்தலையும் பற்றியவை. இறுதிக் குறள், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. உணரும் கடமையையும் இவ்வாறே பகுத்துக் காணலாம்.

நோயுற்றவரின் கடமை மறையாமை. தாமோ தம் குடும்பத்தினரோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய்க்கு ஆட்பட்டதுண்டாயின் அதனை முன்னரே கூறுதல் வேண்டும். அத்தகையோருக்கு இம்மருந்துகள் விலக்கப்பட்டுள்ளன. அறுவைச் சிகிச்சைக்குச் செல்கையில் ஊசி பெறுவதை மயக்க மருத்துவரிடம் மறைத்தல் உயிருக்கே இடராகலாம். இரைப்பை காலியாகாதிருப்பின் மயக்க நிலையில் உணவு மூச்சுக்குழலுள் புக வாய்ப்புண்டு.

மருத்துவரின் கடமை பயனைக் கூறும் அதே தெளிவோடு கேட்டின் குறிகளையும் கூறுதல். “பக்க விளைவு இருக்கலாம்” என்னும் பொதுக்கூற்று எதையும் அறிவிப்பதில்லை. எவ்வகை வலி பொறுக்கத்தக்கது, எவ்வகை வலியில் இரவென்றும் பாராது வரவேண்டும் என நோயாளியின் மொழியில் சொல்வதே அறிவித்தலாகும். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட சிறுதாள் இக்கடமையை நிறைவேற்றாது. தமிழில் எரிச்சல், குத்தல், இழுத்துப் பிடித்தல், முறுக்கல் என வயிற்று நோவுக்கு வழங்கும் சொற்கள் பலவாகும். அவற்றைக் கேட்டறிதல் நோய் நாடலின் பகுதியே.

மருந்து என்னும் கூறு அதனை ஆக்குவோரையும் விற்போரையும் உள்ளடக்கும். போலிச் செமாக்ளூடைடு குறித்து உலக நலவாழ்வு நிறுவனம் 2024 சூனில் எச்சரித்தது. குப்பியிலிருந்து தாமே அளந்து செலுத்திக்கொண்டோர் சிலர், உரிய அளவைப்போல் 5 முதல் 20 மடங்கு வரை பெற்று மருத்துவமனை சேர்ந்ததை அமெரிக்க மருந்துத் துறை அதே ஆண்டு தெரிவித்தது. சீட்டின்றி விற்பவர், உணரும் கடமை உடைய ஒருவரை வழியிலிருந்தே அகற்றிவிடுகிறார்.

நான்காமவரான உடனிருப்பவரே இங்கு மிகுதியும் மறக்கப்படுகிறார். வலியுற்றவர் தம்மை மறைத்துக்கொள்ளினும், சோர்வையும் உண்ணாமையையும் மனக்குழப்பத்தையும் முதலில் காண்பவர் அவரே. ஆனால் ஊசி கமுக்கமாகப் போடப்படுமாயின் அவரால் காணமுடிந்தும் உணர இயலாது. ஏளனத்திற்கு அஞ்சியே பலர் மறைக்கின்றனர் எனின், ஏளனம் செய்யும் சமூகம் நான்காம் கூற்றைத் தானே அழிக்கிறது எனலாம்.

ஒரு மறுப்பும் விடையும்

கேடுகளை விரித்துரைத்தால் அச்சம் பெருகும். பயன்பெற வேண்டியோரும் விலகுவர் என்று மறுக்கலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. பருமனும் நீரிழிவும் உயிரைக் குறைப்பவை. மருந்தை மறுத்தலும் ஒரு கேடே. ஆயினும் அச்சம் விளைவது குறிகளை அறிவதால் அன்று, அளவறியாது கேட்பதால். கணைய அழற்சி அரிது என்பதையும், தோன்றினால் எவ்வாறு அறிவது என்பதையும் ஒருசேரக் கூறும்போது அச்சம் விழிப்பாக மாறுகிறது. அரிது என்பதால் கூறாது விடுதல், அவ்வரிய கேட்டுக்கு ஆளாகும் ஒருவரைப் பிறர் பயனுக்காகக் கைவிடுதலாகும்.

முடிவுரை

எடைக் குறைப்பு ஊசிகளில் பயனும் கேடும் ஒரே குறியால் தோன்றுவதால், பக்க விளைவை உணர்தல் தனியொருவரின் கூர்மையால் நிறைவேறுவதன்று. நால்வர் பகிர்ந்துகொள்ளும் அறச்செயலாக அது அமைகிறது. பிறர் பிழையைப் பொறுக்கும் பொறையை உடலின் எச்சரிக்கைக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. உணர்ந்ததைப் பதிவு செய்தலும் இக்கடமையின் தொடர்ச்சியே. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் தாமே தெரிவிக்கலாம். 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண் அதற்கென உள்ளது. ஒருவர் உற்ற ஊறு அவரோடு மறையாமல் மற்றொருவருக்குக் காப்பாக அமைவது அவ்வாறு தெரிவிப்பதனாலேயே ஆகும்.